வண்டிக் கணக்கும் வருமானக் கணக்கும்

கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ‘வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்று கடைவீதி குமுறியது. அந்தக் குமுறலை அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஏப்ரல், மே வியாபாரத்தை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் மழைக்காலத்து அடுப்பு எரிகிறது. ஆனாலும், வண்டி கூடினால் வருமானம் கூடும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் கார்களைப் பாருங்கள். மலைச்சாலையில் மணிக்கணக்கில் முடங்கிய குடும்பம் ஏரிக்கரையில் இறங்கி படகு ஏறுமா, சாக்லேட் வாங்குமா? இருட்டுவதற்குள் மலையிறங்கத்தானே தவிக்கும்! பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர் கேரட்டும் ஏற்றிய லாரியும் அந்த நெரிசலில்தான் சிக்குகிறது. அந்த மேல்மலைக்காரர்கள் அடிவாரத்து வத்தலக்குண்டு போக கொடைக்கானல் ஊரைக் கடந்தாக வேண்டும்; ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் வண்டி நகராவிட்டால் விளைச்சல் சந்தைக்குப் பிந்தும். பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்சுக்கும் அதே சாலைதான். அந்தத் தாயின் தவிப்பை எந்த வியாபாரக் கணக்கில் எழுதப் போகிறோம்?

ஏழைகள் மலையைப் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இ-பாஸே வேண்டாமே! வரம்பு சுற்றுலா வண்டிகளுக்குத்தான். பாஸைச் சோதிப்பதற்கே வண்டிகள் தேங்குகின்றன என்பது மட்டும் நியாயமான குறை. அதற்காக வரம்பையே எடுத்துவிட்டால் மலைமேல் மறுபடியும் அதே நெரிசல். சோதனையை அடிவாரத்தோடு முடிக்க வேண்டும். வத்தலக்குண்டிலும் பழனியிலும் காரை நிறுத்த இடம் வேண்டும். அங்கிருந்து அடிக்கடி பஸ் வேண்டும். அறை எடுத்துத் தங்குபவருக்கு பாஸில் முன்னுரிமை கொடுத்தால் விடுதிக்காரருக்கும் நட்டமில்லை. வணிகர் சங்கங்களே, வரம்பை எதிர்த்த அதே ஒற்றுமையோடு இந்த பஸ்ஸையும் கேளுங்கள். அடுத்த சீசனுக்கு முன்பே கேளுங்கள்.