உடுவில் மகளிரும் கலைக்களஞ்சியப் பதிவும்



நம்மூராம் தம்பினின் பெயரால் நெடுங்காலம் வழங்கிவந்த இரயில் நிலையம் நம் மாநிலத்தில் இல்லை; மலாக்காவைச் சேர்ந்த புலாவ் செபாங்கில் உள்ளது. அது நெகிரி செம்பிலானில் இருப்பதாக ஒருவர் கலைக்களஞ்சியத்தில் எழுதிவிட்டால், அயலூரார் ஐயுறமாட்டார். திருத்த வேண்டியவர் நாமே.

அவ்விரும்புப் பாதையில் கிராணிகளாகப் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர். அவர்கள் மண்ணின் உடுவில் மகளிர் கல்லூரியையே இன்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிறித்தவ மாணவியர் உடன்பிறந்தார் போலக் கூடி வாழும் மன்றங்கள் உண்டு. நம்மவரிடையே அதற்கு நெருங்கியது, விடுதியில் ஒருங்கு வளர்ந்தோரின் பழைய மாணவியர் சங்கமே. இத்தகைய தோழமையைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியப் பதிவை எவ்வாறு செம்மை செய்வது?

முதலில் புகழுரையைக் களைதல் வேண்டும். எலிசா அக்னியூ அம்மையார் 1840 இல் வந்து, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்குப் பணியாற்றி, தாயகம் திரும்பாமலே 1883 இல் மானிப்பாயில் மறைந்தார். 'ஆயிரம் பெண்மக்களின் தாய்' என்று மிசன் நூல்கள் அவரைப் போற்றும். பதிவில் அதனை 'மிசனார் இவ்வாறு அழைத்தனர்' என்று எழுதலாம். நம் கூற்றாக எழுதலாகாது. ஆண்டுகளே அவர் பெருமையைச் சொல்லிவிடும்.

அடுத்து, விடுபட்டவற்றைச் சேர்த்தல். மைரன் வின்சுலோவை நாம் அறிவோம். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1862 இல் வெளிவந்தது. 1824 இல் உடுவில் விடுதிப் பள்ளியைத் தொடங்கி, 1833 இல் மறைந்த அவர் மனைவி ஹரியட்டை எத்தனை பேர் அறிவோம்? அகராதியைப் புரட்டும் நம் போன்றோரும் அவரைத் தேடியதில்லை.

கசப்பானவையும் இடம்பெற வேண்டும். கிறித்தவரை மணந்த மாணவியருக்கு மிசன் சீதனம் கொடுத்தது. பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அவர்களுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஆதலால் பழைய பட்டியல்களில் நாம் காணும் ஆங்கிலப் பெயருக்குப் பின்னே ஒரு தமிழ்ப் பெயர் மறைந்திருக்கலாம். வீட்டில் அவளை எப்பெயரால் அழைத்தார்கள்? பதிவைச் செம்மை செய்வோர்க்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை.

அப்பெயர்கள் சில, இங்குள்ள குடும்பங்களின் வேதாகம முன்தாள்களிலும் நிழற்படங்களின் பின்புறத்திலும் இருக்கக்கூடும். ஆயினும் பெட்டிக்குள் இருக்கும் தாள் கலைக்களஞ்சியத்திற்குச் சான்றாகாது. வெளியிடப்பட்ட, பிறர் சரிபார்க்கத்தக்க சான்றையே அது கேட்கும். சொந்த ஆய்வை ஏற்காது. இவ்விதி கடுமையானதே. தோட்டப்புறப் பெண்கள், பால்மரம் வெட்டியவர்கள், அச்சுக்கே வராதவர்கள். அவர்கள் இவ்விதியால் மேலும் மறைகிறார்கள். ஆனாலும் விதியைக் குறைகூறிக்கொண்டிருந்தால் பெயர் பதியாது. முதலில் அச்சிட வேண்டும். பிறகு மேற்கோள் காட்ட வேண்டும்.

அக்கல்லூரியில் பயின்றோர் எழுத முன்வந்தால், அவ்வுறவைப் பதிவின் உரையாடல் பக்கத்தில் முன்னரே அறிவித்துவிடுவது முறை.

இவ்வரங்கில் அத்தகைய மூதாட்டியரின் பேத்திகள் இருப்பின், பாட்டியாரின் இயற்பெயர், பிறந்த ஊர், பயின்ற ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதித் தாருங்கள். நிழற்படத்தின் மறுபக்கத்தையும் படியெடுத்துத் தாருங்கள். சரிபார்த்தவற்றை இவ்வரிசையின் அடுத்த நூலில் அச்சிடுவோம்.