மூன்றாம் அடுக்கு

மாதுங்கா மார்க்கெட்டில் சாத்துக்குடிகளைக் குவித்து வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை நெருக்கமாகப் பரப்பினால், ஒவ்வொரு பழத்தையும் ஆறு பழங்கள் சூழும். மூன்று பழங்கள் கூடுமிடத்தில் ஒரு குழி உண்டாகிறதன்றோ? இரண்டாம் அடுக்கு அக்குழிகளில் அமர்கிறது; ஆனால் பாதிக் குழிகளில் மட்டுமே இடம் கிடைக்கும்; மறுபாதி ஒழிந்து கிடக்கும்.

மூன்றாம் அடுக்கில் வழி இரண்டாகப் பிரிகிறது. முதல் அடுக்குப் பழங்களுக்கு நேர்மேலே வைக்கலாம். அல்லது ஒழிந்த குழிகளுக்கு நேர்மேலே வைக்கலாம். எவ்வழியாயினும் உள்ளிருக்கும் ஒரு பழத்தைப் பன்னிரண்டு பழங்கள் தொடும். நூற்றில் ஏறத்தாழ 74 பங்கு இடம் நிரம்பும். இதனினும் நெருக்கமாக அடுக்க இயலாதென்று 1611-ல் கெப்ளர் கருதினார். தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் அதனை நிறுவினார். 2014-ல் கணிப்பொறியும் அந்நிறுவலைச் சரிபார்த்து முடித்தது.

பழக் குவியலுக்கு இரு வழியும் ஒன்றே. படிகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் அணுக்களுக்கோ அப்படியன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையத்தில் ஆராயப்பட்டு வரும் இரு உலோகங்களைப் பாருங்கள்: தோரியம், சிர்க்கோனியம். இரண்டின் தாதுக்களும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஒன்றாய்க் கலந்து கிடப்பவை. சாதாரண வெப்பநிலையில், சிர்க்கோனியத்தில் மூன்றாம் அடுக்கு முதல் அடுக்கை ஒத்திருக்கும். தோரியத்திலோ நான்காம் அடுக்கே முதலை ஒக்கும்.

இச்சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது. தோரியப் படிகத்தில் நெருங்கிய அடுக்குகளை நான்கு திசைகளில் காணலாம். சிர்க்கோனியத்திலோ ஒரே திசைதான். ஆகவே அடுக்கின் திசையில் அதற்கு ஒரு குணம். குறுக்கே வேறு குணம்.

சிர்க்கோனியம் நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்கும். எனவே, கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய கனநீர் உலைகளில், யுரேனிய எரிபொருளைத் தாங்கும் குழாய்களை அதன் கலப்புலோகத்தாலேயே செய்தனர். நியூட்ரான்கள் இடைவிடாது தாக்கும்போது, அப்படிகம் அடுக்கின் திசையில் சுருங்கிக் குறுக்கே விரிகிறது. குழாயில் பெரும்பாலான படிகங்களின் அடுக்குத் திசை நீளவாட்டத்திற்குக் குறுக்கே அமைவதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் நீள்கிறது. பொறியியலார் அந்நீட்சிக்கு முன்னரே இடம்விட்டு உலையைக் கட்டுகின்றனர். அவ்வப்போது அளந்தும் பார்க்கின்றனர். உலையின் ஆயுளைக் கணிக்க வேண்டுவோர், கண்ணுக்குப் புலப்படாத அந்த மூன்றாம் அடுக்கு எங்கே அமர்ந்தது என்பதிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது.