பேட்டி உண்டு, பதவி இல்லை!

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் அமெரிக்காவில் நடக்கும் ஒரு பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பந்தாட்டத்துக்கும் பஞ்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு வேலை ஸ்தலத்தில் மேல்படிக்கு யார் ஏறுவது, யார் கடைசிவரை கீழ்ப்படியிலேயே நிற்பது, அதைத் தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, இதுதான் விஷயம்.

அமெரிக்காவில் கால்பந்து என்று சொல்வது நாம் உதைக்கிற பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், குறுக்கே வருகிறவனை மோதித் தள்ளுவார்கள். கூலிக்கு ஆடும் இந்த ஆட்டத்தைத் தேசியக் கால்பந்து லீக் என்ற ஸ்தாபனம் நடத்துகிறது. 1920ல் தோன்றியது. அதில் இன்று 32 குழுக்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கலாக எல்லாம் தனி முதலாளிகளின், முதலாளிக் குடும்பங்களின் சொத்து. அந்த ஒன்று, விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற சிறிய ஊரின் குழு. 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். பங்குக்கு லாபப் பணம் கிடையாது. அந்தக் கதையை வேறொரு நாள் பேசலாம்.

ஒரு குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள் இருபது பேர், சில குழுக்களில் அதற்கும் மேல். தாக்கி ஆடும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், தடுத்து ஆடும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், பந்தை உதைக்கும் கட்டங்களுக்கு ஒரு பொறுப்பாளர். இவர்களுக்குக் கீழே பந்து எறிகிறவனுக்கு ஒருவர், ஓடுகிறவனுக்கு ஒருவர், முன்வரிசையில் நின்று முட்டுகிறவர்களுக்கு ஒருவர் என்று வரிசை போகும். கடைசியில் நிற்பவன், பொழுதுக்கும் ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்த்து, எதிரி எந்தச் சமயத்தில் என்ன செய்கிறான் என்று குறிப்பெழுதிக் கொடுக்கும் இளைஞன். ஆட்டப் பருவம் வந்துவிட்டால் எட்டு மணி நேர வேலை என்ற பேச்சே இல்லை. விடியுமுன் வந்து நள்ளிரவில் போவார்கள். ஆபீசிலேயே படுத்துத் தூங்குகிறவர்களும் உண்டு.

இவர்கள் வாங்குவது நம் கண்ணுக்குப் பெரிய சம்பளம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை நிரந்தரமா? குழு தோற்றுக்கொண்டே வந்தால், ஜனவரி மாதத்தில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாளுக்கே 'கறுப்புத் திங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் போனால் துணைகளும் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டி வருவார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டைக் காலி செய்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொரு ஊர். அங்கேயும் இரண்டு மூன்று வருஷம். இப்படிப் பத்து ஊர் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். தலைமைப் பதவி 32. துணைப் பயிற்சியாளர்கள் அறுநூறுக்கு மேல். ஆண்டுக்கு ஐந்தாறு இடம் காலியாகும். சில ஆண்டுகளில் எட்டு, பத்து. பழைய தலைமைப் பயிற்சியாளர்களும் அந்த இடங்களுக்கே போட்டியிடுவார்கள். அப்படியானால் யாருக்குக் கிடைக்கிறது?

பில் பெலிசிக் என்பவர் 1975ல் பால்டிமோர் குழுவில் வாரம் 25 டாலருக்குக் குறிப்பெழுதும் வேலையில் சேர்ந்தார். 1991ல்தான் கிளீவ்லந்தில் தலைமைப் பதவிக்கு வந்தார். பதினாறு வருஷம்! புரூஸ் ஏரியன்ஸ் அறுபது வயதில்தான், 2013ல், அரிசோனாவில் சொந்தமாகத் தலைமைப் பதவி பெற்றார். இன்னொரு பக்கம் ஷான் மெக்வே. 2017ல் லாஸ் ஏஞ்சலஸ் குழு அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது வயது 30. அவருடைய பாட்டனார் ஜான் மெக்வே இதே லீக்கில் நியூயார்க் குழு ஒன்றின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். பேரன் திறமை இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. 2022ல் சாம்பியன் பட்டம் வென்றார். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களை முதலாளிகள் வரிசையாகத் தேடி வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். மெக்வேயோடு ஒரு காப்பி குடித்திருந்தால் போதும், வேலை கிடைத்துவிடும் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளே கேலி பேசின.

இதே லீக்கில் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள். மோதி விழுவதும், முழங்கால் முறிவதும், தலையில் அடிபடுவதும் அவர்கள் பங்கு. தலைமைப் பதவியில் எத்தனை பேர்? சரித்திரத்தைப் பாருங்கள். 1921ல் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் குழுவில் பிரிட்ஸ் போலார்ட் என்ற கறுப்பின வீரர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். லீக்கில் முதலாமவர். பிறகு 1934 முதல் 1945 வரை கறுப்பர் ஒருவரைக்கூட ஆட்டக்காரராகச் சேர்க்கவில்லை. எழுதாத தடை! 1946ல் அது உடைந்தது. ஆனால் அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், ஆர்ட் ஷெல், 1989ல்தான் வந்தார். இடையே 68 ஆண்டுகள்.

இந்த வேலையில் ஏணி எங்கே சாத்தியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பந்தை வாங்கி, எவனிடம் எறிவது என்று முடிவு செய்கிற ஆட்டக்காரனைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். அந்த இடத்துக்கு மூளை வேண்டும், கறுப்பனுக்கு ஓடத்தான் தெரியும் என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் அவனை அங்கே நிற்கவிடவில்லை. குவார்ட்டர்பேக்காக நின்றவன் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பான். அதிலிருந்து தாக்கும் பிரிவின் பொறுப்பாளர். அதிலிருந்து தலைமைப் பதவி. முதலாளிகள் விரும்பிப் பார்க்கிற ஏணி இதுதான். முதல் படியில் கால் வைக்கவிடாமல் செய்துவிட்டு, மேலே ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்டால் என்ன பதில்?

2002ல் ஜானி காக்ரன், சைரஸ் மேரி என்ற இரண்டு வக்கீல்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிக ஆட்டங்களில் ஜெயிக்கிறார்கள், ஆனாலும் குறைவாகவே அமர்த்தப்படுகிறார்கள், சீக்கிரம் நீக்கப்படுகிறார்கள் என்று கணக்கோடு காட்டினார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்றும் எச்சரித்தார்கள். அடுத்த ஆண்டே, 2003ல், லீக் ஒரு விதி கொண்டுவந்தது. தலைமைப் பதவி காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது பேட்டி காண வேண்டும். பிட்ஸ்பர்க் குழுவின் முதலாளி டான் ரூனி முன்னின்றதால் ரூனி விதி என்று பெயர்.

பலன் இல்லாமல் போகவில்லை. 2007 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் இரு பக்கத்திலும் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் நின்றார்கள்: டோனி டஞ்சி, லவி ஸ்மித். அந்த டஞ்சி 1984லேயே பிட்ஸ்பர்க்கில் தடுக்கும் பிரிவின் பொறுப்பாளர். தலைமைப் பதவி கிடைத்தது 1996ல். ஸ்மித்தின் எதிரே நின்று அவர்தான் ஜெயித்தார்.

ஆனால் விதி சொன்னது பேட்டியைத்தான். வேலையை அல்ல. 2003லேயே டெட்ராய்ட் குழு, ஆளை மனதில் முடிவு செய்துகொண்டு, விதிக்காக மற்றவர்களைக் கூப்பிட்டது. கூப்பிடப்பட்டவர்கள் வர மறுத்தார்கள். குழுத் தலைவர் மாட் மில்லனுக்கு லீக் 2 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு மற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். என்ன பாடம்? பேட்டியை ஒழுங்காக நடத்திக் காட்டிவிட வேண்டும் என்ற பாடம்! ஓர் இடத்தில் நிச்சயதாம்பூலம் மாற்றிவிட்டு, இன்னோர் இடத்தில் போய்ப் பெண் பார்த்துச் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு வருவதில்லையா, அதைப் போல.

எரிக் பியெனமியின் கதை இதற்குச் சாட்சி. கான்சாஸ் சிட்டி குழுவில் ஆண்டி ரீட் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே தாக்கும் பிரிவின் பொறுப்பில் இருந்த டக் பீடர்சன் 2016ல் பிலடெல்பியாவில் தலைமைப் பதவி பெற்றார். அடுத்து அதே நாற்காலியில் இருந்த மாட் நாகி 2018ல் சிகாகோவில் பெற்றார். இருவரும் வெள்ளையர். மூன்றாவதாக பியெனமி, கறுப்பர். 2018 முதல் 2022 வரை ஐந்து பருவம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2020லும் 2023லும் குழு சாம்பியன் பட்டம் வென்றது. முன்னவர்கள் இருவரும் இருந்த காலத்தில் ஒன்றுகூட வரவில்லை! பியெனமியை எத்தனையோ குழுக்கள் பேட்டி கண்டன. ஒன்றுகூட அமர்த்தவில்லை. ஆட்டத்தைத் திட்டமிட்டு நடத்துகிறவர் ரீட்தான், இவரல்ல என்று காரணம் சொன்னார்கள். முன்னிருவருக்கும் பெரும்பாலும் அதே நிலைதானே? அப்போது அந்தக் காரணம் எங்கே போயிற்று?

பதவி கிடைத்தவர்களுக்கும் பொறுமை கிடைப்பதில்லை. டெட்ராய்டில் ஜிம் கால்டுவெல் 2014 முதல் நான்கு பருவத்தில் 36 வெற்றி, 28 தோல்வி. நீக்கினார்கள். அடுத்து வந்த வெள்ளையருக்கு 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு சமநிலை. முதலாளி இல்லாத குழு என்று மேலே சொன்னோமே, கிரீன் பே, அங்கேகூட 1999ல் ரே ரோட்ஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளரை, வெற்றி தோல்வி எட்டுக்கு எட்டாக நிற்கும்போது, ஒரே பருவத்தில் அனுப்பிவிட்டார்கள். உடைமை மாறினால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இந்த அறுநூறு பேரும் ஒன்று சேர்ந்து கேட்கக் கூடாதா? ஆட்டக்காரர்களுக்கு 1956 முதல் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு ஒரு சபை உண்டு. முதலாளிகளோடு உட்கார்ந்து பேரம் பேசும் உரிமை அதற்கு இல்லை. 2009ல் பயிற்சியாளர்களின் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்திருப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் குழுவின் இஷ்டம் என்று முதலாளிகள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். யாரைக் கேட்டார்கள்? இண்டியானாபொலிசில் வயதான இரண்டு துணைப் பயிற்சியாளர்கள், டாம் மூர், ஹோவார்டு மட், சேர்த்த பென்ஷன் பணம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள்.

2011 மார்ச் முதல் ஜூலை வரை முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். சண்டை ஆட்டக்காரர்களோடு; ஆனால் பல குழுக்களில் துணைப் பயிற்சியாளர்களின் சம்பளத்தில் கை வைத்தார்கள். பயிற்சியாளர் சபை, ஆட்டக்காரர்களுக்கு ஆதரவாகக் கோர்ட்டில் மனுப் போட்டது. உடனே வாஷிங்டன் குழுவின் துணைப் பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மனு எங்களுக்குச் சம்மதமில்லை, நாங்கள் முதலாளி பக்கம் என்று அறிக்கை விட்டார்கள்! அவர்களைத் திட்டிப் பயனில்லை. நாளைக்குக் காலியாகும் நாற்காலி அந்த 32 பேர் கையில் இருக்கிறது. ஒவ்வொருவனும் தனக்குத்தான் அது வரும் என்று நினைக்கிறான்.

இந்த நிலையில்தான் பிரையன் பிளோரஸ் 2022 பிப்ரவரி 1ந் தேதி வழக்குப் போட்டார். மயாமி குழுவின் தலைமைப் பயிற்சியாளராகக் கடைசி இரண்டு பருவமும் தோல்வியைவிட வெற்றி அதிகம் காட்டியவர். ஜனவரியில் நீக்கப்பட்டார். நியூயார்க் ஜயண்ட்ஸ் குழு பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தது. பேட்டிக்கு மூன்று நாள் முன்னே பெலிசிக்கிடமிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது: அந்த வேலை உனக்குத்தான் என்று. பிறகு பார்த்தால், பிரையன் டேபால் என்ற இன்னொரு பிரையனுக்கு அனுப்ப வேண்டியது, ஆள் மாறி வந்துவிட்டது! பேட்டி வெறும் கண்துடைப்பு என்பது பிளோரசின் வாதம். குழு மறுத்தது. அவர் வழக்குப் போட்ட அன்று, 32 குழுக்களிலும் சேர்த்துக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒரே ஒருவர்தான்: பிட்ஸ்பர்க்கின் மைக் டாம்லின்.

லீக் என்ன சொன்னது? கோர்ட் வேண்டாம், வேலை ஒப்பந்தப்படி மத்தியஸ்தத்துக்கு வா என்றது. மத்தியஸ்தர் யார்? லீக்கின் கமிஷனர். அவரை நியமிப்பவர்கள் யார்? அதே முதலாளிகள். 2025 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட், இது பெயரளவுக்கு மட்டுமே மத்தியஸ்தம் என்று கூறி, லீக்கின் மீதும் மூன்று குழுக்களின் மீதும் உள்ள குற்றச்சாட்டுகள் பகிரங்கக் கோர்ட்டிலேயே நடக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புக்கே மூன்றரை வருஷம் ஆயிற்று.

வழக்குப் போட்டபோதே பிளோரஸ் சொன்னார், நேசிக்கிற வேலையே இதனால் போகலாம் என்று. மூன்று வாரத்துக்குள் டாம்லின் அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு அழைத்துக்கொண்டார், துணைப் பயிற்சியாளராக. ஏப்ரலில் ஸ்டீவ் வில்க்ஸ், ரே ஹார்ட்டன் என்ற இருவர் அதே வழக்கில் வாதிகளாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.