விடிந்தாலும் இறங்காத போதை



நகரத்துச் சாலைச் சட்டத்தைப் பற்றித் தோட்டத்து மக்களிடம் எதற்குப் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். உங்கள் லயத்தை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பால்மரம் வெட்டுகிறவர், செம்பனைக் குலை அறுக்கிறவர் போக, மற்றப் பிள்ளைகள் எங்கே? ஒருவர் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். ஒருவர் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். இன்னொருவர் இருட்டோடு இருட்டாக மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறார். நகரத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு நம் வீட்டுப் பிள்ளைதான் ஓட்டுநரோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

முதலில் வேகம். தோட்டத்துச் செம்மண் சாலையில் குண்டும் குழியுமே நம்மைக் கட்டுப்படுத்திவிடும். தார்ச் சாலையில் அறிவிப்புப் பலகைதான் கட்டுப்படுத்த வேண்டும். நம் நாட்டில் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கூட்டரசுச் சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும் 90. பெருநாள் காலங்களில் இதை 80 ஆகக் குறைப்பார்கள். பட்டணத்துக்குள் பொதுவாக 60, பள்ளிக்கூடப் பகுதியில் 30. எங்கே பலகை இதைவிடக் குறைவாகச் சொல்கிறதோ அங்கே பலகை சொல்வதே சட்டம். லோரிக்கும் பேருந்துக்கும் கார்களைவிடக் குறைந்த வேகமே அனுமதி.

இந்த எண்களை யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதியதாக எண்ண வேண்டாம். செம்பனைக் கன்றுகளை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுகிறோம் அல்லவா? அந்த மரங்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடி ஆகிறது. அதன் பிறகும் காய்ந்த சாலையில் ஏறக்குறைய 20 மீட்டர் சென்றுதான் வண்டி நிற்கும். ஆக, நான்கு மர தூரம். 90 கிலோமீட்டரில் இதே கணக்கைப் போட்டால் 70 மீட்டர் வருகிறது. கிட்டத்தட்ட எட்டு மரம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, நிற்கும் தூரமோ இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. மழை பெய்தால் இன்னும் நீளும்.

அந்த ஒரு விநாடியைத்தான் மது கெடுக்கிறது. கண் பார்த்ததை மூளை உணர்ந்து, காலுக்குச் சொல்ல நேரமாகிறது. இரண்டு விநாடி ஆகிவிட்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் மூன்று மர தூரம் கூடுகிறது. அந்த மூன்று மர தூரத்தில் எவ்வளவோ நடந்துவிடும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. 2020-இன் முற்பகுதியில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து உயிர்கள் போயின. மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாயிற்று. முன்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மது இருக்கலாம் என்றிருந்ததை 50 ஆகக் குறைத்தார்கள். மூச்சை ஊதிப் பார்த்தால் 100 மில்லிலிட்டரில் 22 மைக்ரோகிராம்தான் எல்லை. தகுந்த காரணமின்றி ஊத மறுப்பதும் குற்றமே.

'எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்ற பேச்சு அந்தக் கருவியிடம் செல்லாது. பல நாள் குடித்துப் பழகியவர் தள்ளாடாமல் நடப்பார், கோவையாகப் பேசுவார். ஆனாலும் இரத்தத்தில் இருப்பது இருக்கும். கள்ளு இயற்கையானது, அது கணக்கில் வராது என்பாரும் உண்டு. கள்ளிலும் பீரிலும் சம்சுவிலும் இருக்கும் மது ஒன்றேதான், அளவுதான் வேறு.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, மறுநாள் காலையைப் பற்றி. ஈரல் தன் போக்கில்தான் வேலை செய்யும். இரத்தத்திலுள்ள மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைகிறது. சிலருக்குச் சற்றுக் கூடலாம், சிலருக்குக் குறையலாம். கடுங்காப்பி, எலுமிச்சைச் சாறு, தலைக்குத் தண்ணீர் இவற்றால் தூக்கம் கலையும்; மது வெளியேறாது. ஞாயிறு நள்ளிரவில் ஒருவருக்கு 150 இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரம் நன்றாகத் தூங்கிக் காலை 5 மணிக்கு எழுகிறார். 75 போனது, 75 மீதம். குளித்து, திருநீறு பூசி, பசியாறிவிட்டு வண்டியை எடுக்கும்போதும் அவர் சட்டத்தின் எல்லைக்கு மேலேதான் இருக்கிறார்.

இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுத்தேன். கழித்தல் கணக்குதானே, எல்லோரும் சரியாகப் போட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சார், எங்க அண்ணன் அஞ்சு மணிக்கே கிளம்பிடும்" என்றாள்.

பிடிபட்டால் என்ன ஆகும்? விபத்தே இல்லாமல், அளவு மீறியிருந்தது என்பதற்காக மட்டும் முதல் முறைக்கு 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். லைசென்ஸ் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் போய்விடும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதைக் கொண்டு பார்த்தாலும், மிகக் குறைந்த அபராதமே கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம். ஓட்டுநர் வேலை செய்பவருக்கு லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது. போதையில் ஓட்டி ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் 7 முதல் 10 ஆண்டு சிறை. உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை, அத்துடன் 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி அபராதம். பத்தாண்டு என்றால், ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதுதான் தகப்பன் திரும்புவார்.

சட்டம் ஏழையைத்தான் அதிகம் வாட்டுகிறது என்பார்கள். பணக்காரர் அபராதத்தைக் கட்டிவிடுவார், நம்மால் முடியாது என்பது உண்மைதான். ஆனால் சாலையில் விழுந்து கிடப்பவர் யார்? இந்நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சாலையில் சாகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

1940-களில் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அவ்வளவு பெரிய காரியத்தை நான் இப்போது கேட்கவில்லை. குடித்தவரிடம் வாக்குவாதம் செய்து சாவியைப் பிடுங்குவது நடக்கிற காரியமும் அல்ல, அடிதடியில்தான் முடியும். போத்தல் திறக்கும் முன்பே சாவியை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிடுங்கள். மறுநாள் வேலையிருந்தால் முதல்நாள் இரவு குடி வேண்டாம் என்று பகல் வேளையில், நிதானமாக இருக்கும்போது பேசுங்கள்.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பட்டணத்திலிருந்து பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அவர்களை வழியனுப்பி வைக்காதீர்கள். மண்டபத்தில் பத்துப் பாய்களை விரித்துக் கொடுங்கள். நாம் பார்த்த கணக்குப்படி 150 முழுதும் இறங்க மறுநாள் காலை 10 மணி ஆகும். பசியாற இட்டிலி இருந்தால் அதுவரை இருப்பார்கள்.