பாதம் பேணல்



பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருப்பாதங்களைப் பணிய வெறுங்காலுடன் படியேறும் முதியோரின் குதிகால்களை எவரும் குனிந்து நோக்குவதில்லை. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. ஆதலின் அது எளிதில் உலர்ந்து தடித்து, உடற்பாரம் அழுத்துங்கால் வெடிக்கிறது.

இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் பாதங்களை ஊறவைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் ஒற்றியவுடன் விளக்கெண்ணெயோ வாசலினோ பூசுதல் நலம். விரலிடுக்குகளில் பூசலாகாது. இரவில் பருத்திக் காலுறை அணியலாம். அதனுடன் எழுந்து நடப்பின் வழுக்கும். களிம்புகள் சிலவற்றில் தேன்மெழுகு கலந்திருக்கும்; தேனை விலக்கிய இல்லத்தார் உறையைப் படித்தே வாங்குக.

காய்ப்பைப் பிளேடால் சீவும் வழக்கம் தீது, நீரிழிவுடையோர்க்கோ பெருந்தீது. உணர்ச்சி மங்கிய காலில் வெடிப்பு வலிப்பதில்லை. வலியில்லை என்பதனாலேயே அது பொருட்படுத்தப்படாமல் புண்ணாகிச் சீழ் கொள்கிறது. சிலர் விரலையே இழக்க நேர்கிறது. அத்தகையோர் காலை ஊறவைத்தலும், காலாணிக்குரிய அமிலப் பிளாஸ்திரி ஒட்டுதலும் ஆகா. உச்சிவெயிலில் கற்படி ஏறுதலும் ஆகாது.

அந்தி விளக்கேற்றும் வேளையில் பெயரனோ பெயர்த்தியோ பாட்டியின் உள்ளங்காலை நாள்தோறும் ஒருமுறை பார்க்கட்டும். சிவப்போ கசிவோ தென்படின், பாட்டி வலியில்லை என்று மறுத்தாலும் தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க.