புதுக்கோட்டையில் கொஞ்சம் இறங்கிப் பாருங்க

திருச்சியிலிருந்து காரைக்குடி போகிற வழியில் புதுக்கோட்டையை எத்தனை தடவை கடந்து போயிருப்பீங்க? நானும் பல வருஷம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனவன்தான். டீ குடிக்க மட்டும் இறங்குவேன்.

1948 வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம் இது. ‘அம்மன் காசு’ என்று சொந்தமாக ஒரு குட்டிச் செம்புக்காசே வைத்திருந்தார்கள். ஊரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்தில், 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் வாசலில் நிற்காதீங்க.

அடுத்து, சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். போனில் மேப் போடும்போது ஒன்றைக் கவனிங்க. ஓவியம் இருக்கும் குடைவரைக் கோயில் வேறு, சமணர் படுக்கை உள்ள ஏழடிப்பட்டம் வேறு. ஒரே மலைதான், ஆனால் ஏறும் பக்கம் வேறு. வெயில் ஏறுவதற்குள் ஏழடிப்பட்டத்தை முடித்துவிடுங்க, பாறை சுடும். கையில் தண்ணீர் அவசியம்.

கோயிலுக்குள் போனதும் அண்ணாந்து பாருங்க. விதானத்தில் ஒரு தாமரைக்குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டு வேலை. நிறைய இடத்தில் உதிர்ந்துபோச்சு. மிச்சம் இருப்பதும் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வண்ணம்தான். போன முறை என்னோடு வந்த என் தம்பி மகன், படத்தில் தெளிவாக விழட்டும் என்று பிளாஷ் போடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுடா என்றேன். கண்ணு இருட்டுக்குப் பழகியதும், “பெரியப்பா, அந்த மீன் தெரியுது!” என்றான். படமே எடுக்கலை.

தூண், சுவர் எதையும் தொடாதீங்க. விரலில் உள்ள வியர்வையே வண்ணத்துக்கு எதிரி. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சட்டம் அப்படி.

ஏழடிப்பட்டத்தில் 17 கல்படுக்கைகள். சிலவற்றின் பக்கத்தில் பெயர்கள் வெட்டியிருக்கும். அங்கே தவம் இருந்தவர்களின் பெயர்கள். அதைப் பார்த்துவிட்டு நம்ம பெயரையும் கீறத் தோன்றினால், சாவியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்க.

பொழுது இருந்தால் சாயங்காலம் நார்த்தாமலைக்குப் போங்க. திருச்சி திரும்புகிறவர்களுக்கு வழிதான். மேலே விஜயாலய சோழீஸ்வரம், சுத்தியும் வெறும் பாறை, நல்ல காத்து.