ஜாஸ் இசையைக் கேட்கும் முறை

தில்லியில் எம் அண்டை வீட்டார் ஜாஸ் இசைத்தட்டு வைத்தால் நாம் சன்னலைச் சாத்துவது வழக்கம். ஒருநாள் நம் வீட்டு நாகசுரத் தட்டுக்கு அவரும் சன்னலைச் சாத்தினார். அன்றே நமக்கு உறைத்தது.

ஜாஸ் பிறந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில். அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் தாளமும், அவர்தம் வழியினரின் துயரப் பாட்டாகிய புளூஸும், ஐரோப்பிய ஊதுகருவிகளும் அங்கே கலந்தன. 1917இல் முதல் ஜாஸ் தட்டைப் பதிவுசெய்தவர்களோ வெள்ளையர்!

தொடக்கத்தில் டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒருங்கே பின்னி ஒலித்தன. லூயி ஆம்ஸ்டிராங் தனிவாசிப்பை முதன்மையாக்கினார். 1928இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தட்டின் தொடக்கத்தில், துணையின்றி எழும் அவரது டிரம்பெட்டே அதற்குச் சான்று. 1930களில் பெருங்குழுக்கள் நடனத்திற்கு வாசித்த ஸ்விங் பரவியது. டியூக் எலிங்டன் அதில் தலைசிறந்தார். 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்த பீபாப், விரைவும் சிக்கலும் மிக்கது. ஆடுவதற்கன்று, அமர்ந்து கேட்பதற்குரியது.

கேட்பது எவ்வாறு? முதலில் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்க. பின்னர் ஒவ்வொருவரும் அதனை எவ்வாறு புதிதாய்ப் புனைகின்றனர் என்று கவனிக்க. இது நம் மனோதர்மத்தை ஒத்தது. ஆயினும் அதுவே அன்று. நம் வித்துவான் இராகத்தைப் பற்றி நடக்கிறார். அவர்கள் பெரும்பாலும் மாறிமாறி வரும் சுரக்கூட்டுகளைப் பற்றி நடக்கின்றனர்.

ஆகவே, சன்னலைச் சாத்துமுன் ஒரு தட்டையேனும் முழுமையாகக் கேளுங்கள். நம் நாகசுரத்துக்கும் நாம் வேண்டுவது அதுவேயன்றோ?